ஸ்கூபா பயிற்சி ஒரு டைவரின் முடிவுகளை எப்படி மாற்றுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அந்தமானுக்கோ புதுச்சேரிக்கோ திருகோணமலைக்கோ ஸ்கூபா பழகக் கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது கட்டணம் எவ்வளவு, எத்தனை நாள், நீச்சல் தெரியாவிட்டால் பரவாயில்லையா என்பவற்றைத்தான். பயிற்சி முடிந்து சில முறை கடலில் இறங்கிய பிறகு வேறு மாதிரிக் கேள்விகள் வர ஆரம்பிக்கும். எப்போது திரும்புவது, யாருடன் இறங்குவது, எப்போது வேண்டாம் என்று சொல்வது? இந்த இரண்டாவது வகைக் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

முதல் நிலைப் பயிற்சியில் என்னதான் இருக்கிறது?

பி.ஏ.டி.ஐ., எஸ்.எஸ்.ஐ., நவி, சிமாஸ், பிரிட்டனின் பி.எஸ்.ஏ.சி. எனப் பல அமைப்புகள் பயிற்சி தருகின்றன. பி.எஸ்.ஏ.சி. 1953-லும், நவி 1960-லும், பி.ஏ.டி.ஐ. 1966-லும் தொடங்கியவை. பெயர்கள் மாறினாலும் முதல் நிலையின் எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றுதான். பாடம், குளத்திலோ ஆழம் குறைந்த கடலிலோ பழகும் பயிற்சிகள், அப்புறம் திறந்த கடலில் குறைந்தது நான்கு டைவ். பி.ஏ.டி.ஐ. முறையில் 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும், 10 நிமிடம் மிதக்கவும் வேண்டும். முடித்தவருக்குச் சான்றிதழ் கார்டும் 18 மீட்டர் வரை அனுமதியும். அட்வான்ஸ்டு எனும் அடுத்த நிலைக்கு 30 மீட்டர். பொழுதுபோக்கு டைவிங்குக்கு ஒட்டுமொத்த எல்லை 40 மீட்டர்.

இதெல்லாம் விதிமுறைதானே? என் சொந்த முடிவுகளை எப்படி மாற்றும்?

தண்ணீருக்கு அடியில் யாருக்கும் யோசிக்கும் திறன் குறையும். குளிர், மாஸ்க்குக்குள் சுருங்கிய பார்வை, வாய் திறந்து ஒரு வார்த்தை பேச முடியாத நிலை. 30 மீட்டரை நெருங்கும்போது நைட்ரஜன் தரும் போதையும் சேர்ந்துகொள்ளும். அந்தப் போதையில் இருப்பவருக்குத் தான் போதையில் இருப்பதே தெரியாமல் போகலாம். பயிற்சி செய்யும் மிகப் பெரிய காரியம், முடிவு எடுக்கும் இடத்தை மாற்றுவது. தெளிவாக இருக்கும்போதே, படகில் உட்கார்ந்துகொண்டே, எத்தனை பாரில் (சிலிண்டரில் மீதமுள்ள காற்றின் அழுத்தத்தை அளக்கும் அலகு) திரும்புவது, எவ்வளவு ஆழத்துக்குமேல் போவதில்லை, துணையைக் காணாவிட்டால் எத்தனை நேரம் தேடுவது என்று பேசி முடித்துவிடுகிறோம். காணாமல் போனவரை ஒரு நிமிடம் தேடு, கிடைக்காவிட்டால் மேலே வா என்பது பொதுவான வழக்கம். கீழே போன பிறகு யோசிக்க எதுவும் இல்லை, பேசியதைச் செய்ய வேண்டியதுதான்.

காற்றுக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். "50 பாரோடு படகுக்கு வந்துவிடு" என்று சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் 30 மீட்டரில் எப்போது மேலேறத் தொடங்க வேண்டும்? அந்த ஆழத்தில் அழுத்தம் மேல்மட்டத்தைப் போல நான்கு மடங்கு, எனவே காற்றும் நான்கு மடங்கு வேகமாகத் தீரும். துணையின் காற்று தீர்ந்து, இருவரும் ஒரே சிலிண்டரில் மேலே வர வேண்டிய நிலை என்று வையுங்கள். பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர் என்றால், நிலைமையைச் சமாளிக்கும் ஒரு நிமிடத்துக்கு 240 லிட்டர் போகும். நிமிடத்துக்கு 10 மீட்டர் வீதம் மூன்று நிமிடம் ஏறுவதற்கு 450 லிட்டர். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கும் சேஃப்டி ஸ்டாப்புக்கு 270 லிட்டர். மொத்தம் 960. நம் ஊர்ப் படகுகளில் அதிகம் பார்க்கும் 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டரில் இது ஏறக்குறைய 87 பார். ஆக 30 மீட்டரில் இருக்கும்போது கேஜில் (அழுத்தமானியில்) 90 காட்டினால் அது மிச்சக் காற்று இல்லை, இன்னொருவருக்காக வைத்திருக்கும் காற்று. இந்தக் கணக்கை ஒருமுறை தானே போட்டுப் பார்த்தவர், ஒரு ஆமைக்காக இன்னும் ஐந்து நிமிடம் நிற்கலாமா என்று கேட்க மாட்டார்.

காற்று தீர்வது உண்மையிலேயே நடக்கிறதா? கேஜ்தான் கையிலேயே இருக்கிறதே?

நடக்கிறது. டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் ஆராய்ச்சியாளர்கள் 1992 முதல் 2003 வரை நிகழ்ந்த 947 பொழுதுபோக்கு டைவிங் மரணங்களை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டார்கள். சிக்கல் எதில் தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடிந்தவற்றில் 41 சதவீதம், காற்று போதாமல் போனதில் தொடங்கியிருந்தது. கருவி கெட்டுப்போனதில் தொடங்கியவை 15 சதவீதம்தான். கருவிகள் பெரும்பாலும் ஒழுங்காகவே வேலை செய்கின்றன. பார்க்காமல் விட்டது, பார்த்தும் திரும்பாமல் இருந்தது போன்ற மனித முடிவுகள்தான் அதிகம்.

இறங்குவதற்கு முன் செய்யும் சோதனையைப் பலர் வெறும் சடங்காகச் செய்கிறார்களே?

சடங்காகச் செய்வது, செய்யாமல் விடுவதைவிட ஆபத்தானது என்று நினைக்கிறேன். சோதித்துவிட்டோம் என்ற நிம்மதியை மட்டும் கொடுத்துவிடும். பிசிடி (மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றுச் சட்டை) காற்றேறி இறங்குகிறதா, எடைப் பட்டை சரியான பக்கம் அவிழுமா, கொக்கிகள் மாட்டியிருக்கின்றனவா, காற்று வருகிறதா, கடைசியாக ஒரு முழுப் பார்வை. இதுதான் வரிசை.

இதில் காற்றைச் சோதிக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் கருவி) வாயில் வைத்து ஒருமுறை ஊதிவிட்டு "ஓகே" காட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது போதாது. கேஜ் முள்ளைப் பார்த்துக்கொண்டே மூன்று நான்கு முறை நன்றாக இழுத்து மூச்சு வாங்க வேண்டும். வால்வு முழுதாகத் திறந்திருந்தால் முள் ஆடாது. யாரோ அரைகுறையாகத் திறந்து வைத்திருந்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் முள் சரிந்து மேலே வரும். அந்த நிலையில் படகில் மூச்சு தாராளமாகத்தான் வரும். கீழே போய்க் காற்று அடர்த்தியான பிறகுதான் இழுக்க இழுக்கப் போதாமல் திணறும். இந்தச் சோதனைக்குப் பத்து வினாடிகூட ஆகாது.

தண்ணீருக்கு அடியில் மாஸ்க்கைக் கழற்றச் சொல்வது எதற்கு? நிஜத்தில் யாரும் கழற்றப் போவதில்லையே?

பயிற்சியில் பலரும் பயப்படுவது இதற்குத்தான். முட்டி போட்டோ மிதந்தபடியோ இருக்கும்போது மாஸ்க்கை எடுத்துவிட்டு, வாயால் மட்டும் மூச்சு விட்டு, மறுபடி மாட்டி, மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். மூக்கில் உப்புத் தண்ணீர் பட்டவுடன் உடம்பு மேலே ஓடச் சொல்லும். மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே ஓடுவதுதான் ஸ்கூபாவில் மிக ஆபத்தான காரியம். ஏறும்போது நுரையீரலில் இருக்கும் காற்று விரிவடையும், வெளியே போக வழியில்லாவிட்டால் நுரையீரலைக் கிழிக்கும்.

அதனால் இந்தப் பயிற்சி உங்கள் உடம்புக்குச் சொல்லித்தருவது ஒன்றே ஒன்று: நில், மூச்சு விடு, யோசி, பிறகு செய். துணையின் ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) பட்டு மாஸ்க் நகர்ந்த டைவர்களைக் கேட்டுப் பாருங்கள். நன்றாகப் பழகியவர் சரிசெய்துகொண்டு போய்க்கொண்டே இருப்பார். ஒப்புக்கு ஒருமுறை செய்து கடந்து வந்தவருக்கு அந்த நொடியில் முடிவு எடுக்கும் வாய்ப்பே கிடைக்காது, பயம் அவருக்காக எடுத்துவிடும். அதனால் இன்ஸ்ட்ரக்டர் "போதும்" என்று சொன்னாலும் உங்களுக்குப் போதாது என்று தோன்றினால் இன்னொரு முறை கேளுங்கள். அதற்குத்தான் பணம் கொடுத்திருக்கிறீர்கள்.

பணம் கட்டி, லீவு போட்டு, படகும் ஏறியாயிற்று. மனசு சரியில்லை என்று எப்படிச் சொல்வது?

குகை டைவர்களிடமிருந்து வந்த ஒரு வழக்கம் உண்டு. எந்த டைவரும், எந்த டைவையும், எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தலாம், யாரும் விளக்கம் கேட்கக் கூடாது என்பது அது. கட்டைவிரலை மேலே காட்டினால் பேச்சு முடிந்தது, எல்லோரும் மேலே. பயிற்சி தரும் விஷயங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நம் பக்கத்தில் இதற்குத் தனி மதிப்பு இருக்கிறது. கூட வந்தவர்களின் பொழுதைக் கெடுக்கிறோமே என்ற கூச்சம், பெரியவர் ஒருவர் அழைத்துப்போகும்போது மறுத்துப் பேசக் கூடாது என்ற பழக்கம், "இவ்வளவு தூரம் வந்துட்டு பயப்படுறியா" என்று ஒருவர் சிரித்துவிட்டால் போதும், வாயை மூடிக்கொண்டு இறங்கிவிடுவோம். இரவு சரியாகத் தூங்கவில்லை, சளி பிடித்துக் காது அடைத்திருக்கிறது, கடல் நேற்றைப் போல இல்லை, சும்மா மனசு ஒப்பவில்லை. எல்லாமே போதுமான காரணங்கள். அதிலும் சளியோடு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கவே கூடாது. கீழே மாத்திரையின் வேகம் குறைந்தால், மேலே வரும்போது காதிலும் சைனஸிலும் காற்று சிக்கிக்கொள்ளும்.

நல்ல டைவ் மாஸ்டர் படகிலேயே இதை வாய்விட்டுச் சொல்வார்: "யாருக்காவது வேண்டாம் என்று தோன்றினால் சொல்லுங்கள், பிரச்சினையே இல்லை." சொல்லாதவரோடு போனால் நீங்களே கேட்டுவிடுங்கள்.

18 மீட்டர் என்பது அப்படி என்ன கோடு? 22-க்குப் போனால் செத்தா போய்விடுவோம்?

மாட்டீர்கள். 18-க்கும் 22-க்கும் நடுவில் கடலில் எந்தக் கோடும் இல்லை. ஆனால் உங்கள் பயிற்சி எந்த அளவு வரை சோதிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அது கோடு. அதைத் தாண்டுவது என்றால் தெரிந்தே, தயாரிப்போடு, கூடுதல் பயிற்சியோடு தாண்ட வேண்டும். அழகாக ஏதோ தெரிந்தது என்று தாண்டக் கூடாது.

மட்டக்களப்பைப் பாருங்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் எச்.எம்.எஸ். ஹெர்மீஸ் கப்பலை அந்தக் கடலில் மூழ்கடித்தன. விமானந்தாங்கிக் கப்பலாகவே வடிவமைக்கப்பட்ட உலகின் முதல் கப்பல் அது, 307 பேர் இறந்தார்கள். இன்று அது ஏறக்குறைய 53 மீட்டர் ஆழத்தில் சரிந்து கிடக்கிறது. அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் 25 மீட்டருக்குள்ளேயே, அதே கரையில் வடக்கே இருக்கிறது. மட்டக்களப்புக்குப் போகிற எந்த டைவருக்கும் ஹெர்மீஸைப் பார்க்க ஆசை வரும். வராவிட்டால்தான் ஆச்சரியம்.

பயிற்சி பெற்றவர் என்ன யோசிப்பார்? 53 மீட்டரில் காற்று ஆறு மடங்குக்கும் மேல் வேகமாகத் தீரும். நைட்ரஜன் போதை கடுமையாக இருக்கும். சில நிமிடங்களிலேயே, நேராக மேலே வர முடியாமல் வழியில் நின்று நின்று வர வேண்டிய கட்டாயம் வந்துவிடும். ஒற்றைச் சிலிண்டரும் அட்வான்ஸ்டு கார்டும் அதற்குப் போதாது. எனவே இந்த முறை சார்ஜன்ட். அதற்குத் தேவையான டெக்னிக்கல் பயிற்சியை முடித்துக்கொண்டு வந்து ஹெர்மீஸ். ஆசையை விடச் சொல்லவில்லை. அதற்கு ஒரு பாதை போட்டுக்கொள்ளுங்கள் என்கிறேன். அந்தக் கப்பல் எண்பது வருடமாக அங்கேயே கிடக்கிறது.

மன்னாரிலும் தூத்துக்குடியிலும் தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குள் போகிறவர்கள் எந்தச் சான்றிதழும் வாங்கவில்லையே?

உண்மை. முத்துக்குளித்தலும் சங்குகுளித்தலும் இந்தக் கடலின் பழைய தொழில்கள். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. நீரோட்டம், காற்று, கலங்கல், அடித்தரை எல்லாவற்றிலும் அந்த மனிதர்களுக்கு இருக்கும் அறிவில் பத்தில் ஒரு பங்கு நான்கு நாள் பயிற்சியில் கிடைக்காது. மூச்சடக்கி மூழ்கிய காலத்தில் அந்த அறிவு பெரிதும் போதுமானதாக இருந்தது.

கம்ப்ரசர் குழாயும் ஸ்கூபா சிலிண்டரும் வந்த பிறகு நிலைமை மாறியது. அழுத்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு மணிக்கணக்கில் கீழே இருக்கும்போது நைட்ரஜன் உடம்பில் கரைந்து சேர்கிறது. வேகமாக மேலே வந்தால் குமிழியாகிறது. அதைக் கண்ணால் பார்க்க முடியாது, கையால் உணர முடியாது, அனுபவமும் முன்கூட்டிச் சொல்லாது. அட்டவணையோ டைவ் கம்ப்யூட்டரோதான் சொல்லும். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் கடலட்டைக்கும் சங்குக்கும் மூழ்குகிறவர்களிடையே மூட்டுவலி, கால் மரத்துப்போதல், நடக்க முடியாமல் போவது எல்லாம் நடந்திருக்கின்றன. இவர்களைத் துணிந்து தப்புச் செய்கிறவர்கள் என்று சொல்வது அநியாயம். எடுத்துவரும் அட்டையின் எண்ணிக்கைக்குத்தான் கூலி என்றால், இன்னொரு சிலிண்டர் போடுவதா வேண்டாமா என்ற முடிவை வயிறுதான் எடுக்கும். பொழுதுபோக்கு டைவருக்கு வேண்டாம் என்று சொல்ல இருக்கும் வசதி அவர்களுக்கு இல்லை. பயிற்சி முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். அங்கேதான் கடைசியாகப் போகிறது.

கார்டு நிறைய வாங்கினால் பாதுகாப்பு கூடுமா?

தானாகக் கூடாது. கெட்டுப்போகிற வழிகளும் இருக்கின்றன.

ஒன்று, முடிவை முழுக்க கைடிடம் ஒப்படைத்துவிடுவது. அவர் கூட்டிப்போனார், அவர் நிறுத்தச் சொன்னார், என் கேஜை அவரே பார்த்தார் என்று நூறு டைவ் போட்டவர்கள்கூட இருக்கிறார்கள். பாதி வழியில் கைடுக்கு ஏதாவது ஆனால் இவரால் ஒன்றும் செய்ய முடியாது. முதல் நிலைப் பயிற்சியே, ஒரு துணையோடு தானாகத் திட்டமிட்டு மூழ்குகிறவரை உருவாக்கத்தான் வடிவமைக்கப்பட்டது.

இன்னொன்று மெல்ல மெல்ல நடப்பது. ஒருநாள் 50 பாருக்குப் பதில் 40 பாரில் மேலே வருகிறோம், ஒன்றும் ஆகவில்லை. அடுத்தமுறை 30. இப்படியே அதுதான் வழக்கமாகிவிடுகிறது. 1986-ல் சாலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்ததை ஆராய்ந்த சமூகவியலாளர் டயான் வாகன், நாசாவுக்குள் இதேபோல விலகல் வழக்கமாகிப்போனதை விரிவாகக் காட்டினார். டைவிங் விபத்துகளைப் பேசுகிறவர்கள் இன்று அவரை அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். ஒன்றும் ஆகவில்லை என்பதால் செய்தது சரி என்று ஆகிவிடாது.

நிறையப் பயிற்சி உள்ளவர்களும் இறக்கிறார்களே, அப்புறம் பயிற்சி எதற்கு?

இறக்கிறார்கள். ஃபுளோரிடாவின் நீரடிக் குகைகளில் நடந்த மரணங்களை அலசி, அமெரிக்கக் குகை டைவர் ஷெக் எக்ஸ்லி 1979-ல் எளிய விதிகளைச் சொன்னார். வெளியே வரை அறுபடாத வழிகாட்டிக் கயிறு வேண்டும், மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போய் இரண்டு பங்கை மீதி வைக்க வேண்டும், ஆழ எல்லையைத் தாண்டக் கூடாது. பின்னர் முறையான பயிற்சியும் போதுமான விளக்குகளும் சேர்ந்தன. இன்றும் குகை டைவிங் அந்த ஐந்தின் மேல்தான் நிற்கிறது. அதே எக்ஸ்லி 1994-ல் மெக்சிகோவின் சக்கத்தோன் பள்ளத்தில் 300 மீட்டரைத் தாண்டும் முயற்சியில் இறந்தார். அவருக்குத் தெரியாத ஆபத்து இல்லை, தெரிந்தே அந்த எல்லைக்குப் போனார். பயிற்சி ஆசையை அழிப்பதில்லை. எதைப் பணயம் வைக்கிறோம் என்று தெரிந்து வைக்க உதவுகிறது, அவ்வளவுதான். அவர் எழுதிவைத்த விதிகளால் உயிரோடு வெளியே வந்தவர்கள் எத்தனையோ பேர்.

மருத்துவப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் "இல்லை" போடச் சொல்கிறார்களே?

அப்படிச் சொல்லும் இடத்தில் பழகாதீர்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, காது அறுவை சிகிச்சை பற்றியெல்லாம் அதில் கேட்பார்கள். ஏதாவது ஒன்றுக்கு "ஆம்" என்றால் டைவிங் கூடாது என்று அர்த்தமில்லை, மருத்துவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கலாம். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டால் கடற்கரையில் நின்று பொய் சொல்ல வேண்டிய நெருக்கடி வராது.

டைவிங் முடிந்த அன்றே விமானம் ஏறலாமா?

கூடாது. டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் வழிகாட்டுதல்படி ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒரு நாளிலோ பல நாட்களிலோ பல டைவ் போட்டிருந்தால் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பலர் 24 மணி நேரம் வைத்துக்கொள்கிறார்கள், நானும் அதையே சொல்வேன். அந்தமான் பயணத்தில் கடைசி நாளைச் சுற்றிப் பார்க்க ஒதுக்கிவிட்டால் கணக்கு தானாகச் சரியாகிவிடும்.

பவளப்பாறையைத் தொடாமல் இருப்பதுகூடப் பயிற்சியால் வருமா?

வரும், ஆனால் அறிவுரையால் அல்ல. தொடாதே என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர் விழாமல் இருக்க எதையாவது பிடிப்பார், ஃபின்னால் உதைப்பார். மூச்சாலேயே ஏறி இறங்கப் பழகியவருக்குப் பிடிக்க வேண்டிய தேவையே வராது.

மனைவியோ நண்பரோ துணையாக வந்தால் நல்லதா?

நல்லது, ஒரு எச்சரிக்கையோடு. இருவரில் ஒருவர் எப்போதும் திட்டமிட்டு, மற்றவர் எப்போதும் பின்னால் போவதாக இருந்தால் அங்கே இருப்பது ஒரு டைவரும் ஒரு பயணியும். முறை போட்டுக்கொண்டு திட்டமிடுங்கள். முன்பின் தெரியாதவர் துணையாக வந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள்: கடைசியாக எப்போது இறங்கினீர்கள், உங்கள் மாற்று ரெகுலேட்டர் எங்கே இருக்கிறது, எத்தனை பாரில் திரும்பலாம்?

பயிற்சி முடித்து இரண்டு வருடம் கடல் பக்கமே போகவில்லை. கார்டு செல்லுமா?

பெரும்பாலான அமைப்புகளின் கார்டுக்குக் காலாவதி கிடையாது, கைப்பழக்கத்துக்கு உண்டு. நேராக 18 மீட்டருக்குப் போகாமல் அரை நாள் ரிஃப்ரெஷர் எடுங்கள். ஆழம் குறைந்த இடத்தில் மாஸ்க், ரெகுலேட்டர் மீட்பு, காற்றுப் பகிர்வு, மிதப்பு ஆகிய நான்கையும் மறுபடி செய்து பாருங்கள். அன்றைய முதல் டைவை 10 அல்லது 12 மீட்டருக்குள் வைத்துக்கொண்டு, இன்னும் ஆழமாகப் போவதா என்பதை மேலே வந்து முடிவு செய்யுங்கள்.